மூன்று குத்தில் தேறிய நாவலும் பரிதாவின் சம்மதமும்

786

காரிமங்கலம்,
14.7.1973

மரியாதைக்குரிய மஸ்தான் மச்சான் அவர்களுக்கு, மைத்துனன் நூர் பாஷா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது.

உங்கள் மகள் பரிதா சம்மதித்துவிட்டாள். ரஜப் பிறை பார்த்த பிறகு வரும் முதல் வெள்ளிக்கிழமை நிக்காஹ். மாப்பிள்ளை அதே முனாப்தான், ஆள் மாறவில்லை. ஆகவே ஆபா உங்களுக்கு அனுப்பிய ‘கல்யாணம் நின்றது உடனே வரவும்’ என்ற தந்தியை இந்தக் கடிதம் கைக்கு வந்த நிமிஷமே கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள். சந்தையில் முதலில் விலையைச் சொல்லிவிட வேண்டும், சரக்கின் பெருமையை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்பது என் வழக்கம். விலையைச் சொல்லிவிட்டேன். ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

இனி முறைப்படி. அல்லாவின் கிருபையால் நானும் என் வீட்டுக்காரி ஷகிலாவும் சௌக்கியம். ஆபாவும் சௌக்கியம். இத்தனை நாள் வெறும் கஞ்சி குடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் நேற்று பிரியாணி கிளறி எனக்கும் ஒரு தூக்குப் போணி நிறைய அனுப்பினாள். உப்பு கொஞ்சம் தூக்கல்தான், நான் சொல்லவில்லை. உங்கள் காப்பித் தோட்டத்தில் மழை எப்படி? அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பா, புகையிலையா? மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை, வர முடியாது என்று நீங்கள் அடித்த பதில் தந்தியைப் பார்த்ததும் எனக்கு முதலில் கவலை, பிறகு நிம்மதி. நீங்கள் அன்றைக்கு வந்திருந்தால் என்னை உரித்துத் தோரணம் கட்டியிருப்பீர்கள். சிக்மகளூர் மழைக்கு என் ஸலாம். வீட்டில் நாம் பேசும் பாஷை வேறு என்றாலும் எனக்கு எழுத வருவது தமிழ் ஒன்றுதான். அதனால் எல்லோரும் பேசியதைத் தமிழிலேயே போடுகிறேன், அக்காவை மட்டும் ஆபா என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்ததற்கெல்லாம் காரணம் நாவல். நீங்கள் போன ரமலானுக்கு வந்துவிட்டுப் போன பிறகு நம் மண்டியில் ஒரு புது வியாபாரம் சேர்ந்திருக்கிறது. சிரிப்பீர்கள் என்று எழுதாமல் இருந்தேன். கிருஷ்ணகிரியில் வாடகைப் புத்தக நிலையம் வைத்திருந்த ஒருவர் கடையை மூடிவிட்டு மகனோடு இருக்க பெங்களூர் போனார். அவரிடமிருந்த நாவல்களைப் பழைய காகித விலைக்கு எடை போட்டு வாங்கி வந்தேன், கடுகு மிளகு பொட்டலம் கட்டத்தான், சத்தியமாக வேறு எண்ணம் இல்லை. முதல் புத்தகத்தைக் கிழித்துக் கட்ட ஆரம்பித்த அன்றைக்கே, மோர் விற்கிற ராமக்காள் கடுகு வாங்கிப் போனவள் திரும்பி வந்து நின்றாள்.

“பாய், இந்தக் காயிதத்துல ஒரு பொண்ணு கெணத்து மேட்டுல நிக்கிறாளாம். எம் மருமவ படிச்சுச் சொன்னா. குதிச்சாளா, இல்லியா?”

“எனக்கெப்படித் தெரியும் ராமக்கா? கடுகு சரியா இருக்குதா பாரு.”

“கடுகு கெடக்குது. அடுத்த காயிதத்த எதுல கட்டுனீங்க?”

“சீரகத்துல. அது யார் வூட்டுக்கோ போயிருச்சு.”

“அப்ப சீரகம் வாங்குனது யாருன்னு சொல்லுங்க, நாம் போயிக் கேட்டுக்கறேன்.”

போனாள். கேட்டாள். மோர்ப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டே திரும்பி வந்து, “குதிச்சா, ஆனா கெணத்துல தண்ணி இல்ல, கால் மட்டும் சுளுக்கிக்கிச்சு” என்று எனக்கும் தகவல் சொல்லிவிட்டுப் போனாள். மச்சான், அரைப் படி உளுந்துக்காகத் தெரு தாண்டாதவள் ஒரு காகிதத்துக்காக ஊரைச் சுற்றுகிறாள் என்றால் எது சரக்கு, எது பொட்டலம்? கிழிப்பதை அன்றோடு நிறுத்தினேன். மிச்சப் புத்தகங்களுக்கு அட்டை போட்டு, மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் பலகை அடித்து அடுக்கி, வாடகைக்கு விட்டேன். மிளகாய்க்குப் பக்கத்தில் வைத்ததில் பூச்சி அண்டவில்லை. படிக்கிறவர்களுக்குக் கண் எரிகிறது, அது உண்மைதான். “கதைக்கு அழுவுறதா, மொளகாய்க்கு அழுவுறதான்னு அவங்களுக்கே தெரியாது, நல்ல ஏவாரம்” என்று ஷகிலா சொல்கிறாள்.

ஆனால் வாடகைக்கு விட்ட பிறகுதான் ஒன்று புரிந்தது. யாரும் புத்தகத்தின் பேரைச் சொல்லிக் கேட்பதில்லை. “நல்லதா ஒண்ணு நீங்களே பாத்துக் குடுங்க பாய்” என்கிறார்கள். அழுகை உண்டா, மாமியார் கெட்டவளா, கடைசியில் சேர்கிறார்களா என்று குறுக்குக் கேள்வி வேறு. இத்தனையையும் நான் உட்கார்ந்து படித்தால் மண்டியை யார் பார்ப்பது? எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். ராகி மூட்டை வந்தால் கொட்டியா பார்க்கிறோம்? குத்தூசியை மேலே ஒரு குத்து, நடுவே ஒரு குத்து, அடியில் ஒரு குத்து. உள்ளங்கையில் விழுகிற தானியத்தைப் பார்த்து விலை சொல்கிறோம். அப்படியே நாவலுக்கும். முன்னால் ஒரு பக்கம், நடுவில் ஒரு பக்கம், கடைசிக்கு முந்தின பக்கம். மூன்றும் நன்றாக இருந்தால் சரக்கு முதல் தரம், காரண்டி கொடுத்துவிடலாம். இந்த முறையில் நான் சொன்ன புத்தகங்கள் ஊரில் நல்ல பேர் வாங்கின. கல்யாணமான பெண்களுக்கு மாமியார் திருந்துகிற கதை, கல்யாணம் ஆகாதவர்களுக்கு மாமியாரே இல்லாத கதை. பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காதல் கொடுப்பதில்லை. அவர்களுக்கென்று ‘ஹாஸ்டல் மதில் மேல் ஏழு பேர்’ என்று ஒன்று இருக்கிறது, ஏழு பையன்கள் மதில் ஏறிக் குதித்துக் கள்ளக்கடத்தல்காரனைப் பிடிக்கிறார்கள், ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. உங்கள் தோட்டத்தில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் சொல்லுங்கள், தபாலில் அனுப்புகிறேன். இண்டூரிலிருந்து ஒரு வாத்தியாரம்மா சந்தைக்கு வரும்போதெல்லாம் தக்காளி வாங்குவதற்கு முன்னால் என்னிடம் வந்து, “இந்த வாரம் என்ன படிக்கலாம் பாய்?” என்று கேட்கிறார். நாலாவது தாண்டாத என்னிடம் கேட்கிறார், மச்சான். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

கனத்த தலையில்தான் ஆபா வந்து கல்லைப் போட்டாள். முனாபை நீங்களே ரமலானில் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டுப் போனீர்கள், தர்மபுரியில் ட்ரங்குப் பெட்டிப் பட்டறை, கையில் தொழில், வாயில் பீடி கிடையாது. ஆனால் நம் பரிதாவிடம் எப்போது கேட்டாலும் ‘பார்க்கலாம்’ என்ற ஒரே பதில். சரி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. நாள் குறிக்க அவர்கள் வரப்போகிற சமயத்தில் ஆபா மண்டிக்கே வந்துவிட்டாள்.

“நூரு, ஊருக்கெல்லாம் புத்தகம் சொல்றியே, எம் பொண்ணுக்கு ஒண்ணு சொல்ல மாட்டியா? கல்யாணம்னா நல்ல விஷயம்னு மனசுல படற மாதிரி?”

பலகையிலிருந்து ‘சரளாவின் குடை’யை எடுத்தேன். மேல் குத்து: பஸ் ஸ்டாப்பில் மழை, சரளாவின் குடைக்குள் சுந்தரம் வந்து நிற்கிறான், இருவருக்கும் வெட்கம். நடுக் குத்து: சுந்தரத்தின் தாயார் சரளாவின் கை நிறைய மல்லிகை கொடுத்து, ‘நீதானம்மா இந்த வீட்டுக்கு விளக்கு’ என்கிறாள். அடிக் குத்து: கெட்டி மேளம், அட்சதை, சரளாவின் கண்ணில் ஆனந்தக் கண்ணீர். இதற்கு மேல் என்ன வேண்டும்? “கடைசியில கல்யாணம், காரண்டி” என்று சொல்லி ஆபாவின் கையில் கொடுத்தேன். அதோடு விட்டேனா? நன்றாக இருக்கிறதே என்று ராமக்காளுக்கும் இன்னொரு பிரதியைக் கொடுத்துவிட்டேன்.

முனாபின் தாய் தகப்பன் சீனியும் பூவும் எடுத்துக்கொண்டு நாள் குறிக்க வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நான் நடுவில் பெரிய மனுஷனாகத் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நிக்காஹ் அன்று பெண்ணிடம் சம்மதம் கேட்கப் போகிற வக்கீல் தாய்மாமன் நான்தான் என்று முன்பே பேசியிருந்தது உங்களுக்குத் தெரியும். உள் அறைத் திரைக்குப் பின்னாலிருந்து பரிதாவின் குரல் வந்தது.

“மாமு, கல்யாணத்தன்னிக்கி ரெண்டு சாட்சியோட வந்து ‘சம்மதமா’ன்னு கேக்கப் போறது நீங்கதானே?”

“ஆமாம்மா, நான்தான்” என்றேன், பெருமையாக.

“அன்னிக்கிச் சபையில சொன்னா உங்களுக்குக் கஷ்டம். இன்னிக்கே சொல்லிடறேன். சம்மதம் இல்ல.”

முனாபின் தாயார், “இதென்னங்க இது, நாள் குறிக்க வந்த எடத்துல பொண்ணு பேசுது?” என்று எழுந்துவிட்டார். கொண்டுவந்த பூவை வைத்துவிட்டுப் போனார்கள். சீனியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இந்தச் சீனித் தட்டுப்பாட்டில் அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆபா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் திரையை விலக்கிப் பார்த்தேன். பரிதா அழவில்லை, மச்சான். மடியில் ‘சரளாவின் குடை’.

“என்னம்மா இப்படிப் பண்ணிட்ட? கடைசியில கல்யாணம் ஆவுதில்ல?”

“ஆவுது மாமு. சுந்தரத்துக்கும் விமலாவுக்கும். சரளா குடை பிடிக்கிறா.”

“அப்ப அந்த மல்லிகைப்பூ?”

“விமலாவுக்கு மாலை கட்டறதுக்குக் குடுத்தாங்க.”

“ஆனந்தக் கண்ணீருன்னு போட்டிருக்குதே?”

“நீங்க கடைசிக்கு முந்தின பக்கம் படிச்சீங்க. கடைசிப் பக்கத்துல அது ஆனந்தம் இல்லேன்னு போட்டிருக்குது.”

மேல் பிடி தங்கம், நடுப் பிடி தங்கம், மூட்டை முழுக்க மண். வியாபாரத்தில் எத்தனையோ பேர் என்னை ஏமாற்றப் பார்த்திருக்கிறார்கள், ஒரு குடைக்காரி ஏமாற்றிவிட்டாள். ஆனாலும் கதை கதைதானே, அதற்காக நல்ல இடத்தை வேண்டாம் என்பாயா என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உங்கள் மகள் பேசியது, நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

“மாமு, அந்தப் பொம்பள புத்தகம் பூரா ஒரு வார்த்தை வாயத் தொறந்து கேக்கல. ‘என்னைக் கட்டிக்கிறியா, இல்லியா’ன்னு மொதல் மழையிலயே கேட்டிருந்தா பதினஞ்சாம் பக்கத்துல கதை முடிஞ்சிருக்கும். நானும் முனாபுங்கற ஆளைப் பத்தி ஒண்ணுமே கேக்கல. அவரு பெட்டி அடிப்பாரு, பீடி குடிக்க மாட்டாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பீடி குடிக்காதவங்க ஊர்ல நெறையப் பேரு இருக்காங்க.”

ஆபா நேரே தபால் ஆபீசுக்குப் போய்த் தந்தி அடித்துவிட்டாள். எனக்குச் சொல்லாமல் அடித்தாள். சொல்லியிருந்தால் வார்த்தையைக் குறைத்து அடித்திருப்பேன். வீட்டுக்கு வந்தால் ஷகிலா சோறு போடாமல், “மண்டியில சாம்பிள் காட்டி விக்கிற மாதிரி, பொண்ணோட வாழ்க்கையையும் மூணு குத்துல பாத்தீங்களா?” என்கிறாள். நம் இரண்டு குடும்பத்து ஆட்களும் தர்மபுரி பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாக வேண்டும். போதாததற்குக் காலையில் மண்டியைத் திறந்தால் ராமக்காள் படியில் உட்கார்ந்திருக்கிறாள், கண் இரண்டும் கோவைப்பழம்.

“நல்ல மழைக் கதைன்னு குடுத்தீங்களே பாய், நெல்லா இருப்பீங்களா? எங்க வூட்ல உலை வெக்கல. மருமவ படிச்சுக்கிட்டே அழுவுறா, நாங் கேட்டுக்கிட்டே அழுவுறேன், எம் மவன் பசியில அழுவுறான். அந்தச் சரளாவக் கையில கெடச்சா நாலு சாத்து சாத்தணும். இனிமே உங்க கடையில கடுகுகூட வாங்க மாட்டேன்.”

அன்றைக்கு ஒரு முடிவு செய்தேன். குத்திப் பார்ப்பது ராகிக்கு. புத்தகத்தைக் கொட்டித்தான் பார்க்க வேண்டும். முனாப் வீட்டில் சமாதானம் பேசத் தர்மபுரிக்குப் பஸ் ஏறினேன், ‘சரளாவின் குடை’யைப் பிரித்து முதல் எழுத்திலிருந்து படித்தேன். வாழ்க்கையில் முழுதாகப் படித்த முதல் நாவல் அதுதான். தலை நிமிர்ந்தபோது தர்மபுரியைத் தாண்டித் தொப்பூர்க் கணவாயில் பஸ் இறங்கிக்கொண்டிருக்கிறது. என் கன்னம் ஈரம். கண்டக்டர் மிச்சத் தூரத்துக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, “கடைசியில சேர்றாங்களா பாய்?” என்று கேட்டார். “சேரலீங்க” என்றேன். “அப்ப நமக்கு வேணாம்” என்று விசிலை ஊதினார்.

திரும்பி வந்து முனாபின் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தேன். நல்ல வேளை, தகப்பனார் தொழுகைக்குப் போயிருந்தார். பையன் ஒரு பெட்டி மூடியைத் தட்டிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் எதையோ தகரத்துக்கு அடியில் தள்ளினான். பீடியா, சீட்டுக்கட்டா? எடு பார்க்கலாம் என்றேன். எடுத்தான். ‘ஹாஸ்டல் மதில் மேல் ஏழு பேர்’.

“மாமு, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கல்யாணம் நின்னதுகூடப் பரவால்ல, இந்த வயசுல பள்ளிக்கூடத்துப் பசங்க கதை படிக்கறேன்னு தெரிஞ்சா பட்டறையில ஒருத்தன் மதிக்க மாட்டான்.”

உட்கார்ந்தேன். பரிதா ஏன் வேண்டாம் என்றாள் என்று சரளாவின் கதையோடு சேர்த்துச் சொன்னேன். கோபப்படுவான் என்று பார்த்தால், சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு யோசிக்கிறான்.

“அவங்க சொல்றது நாயந்தானே மாமு. கேட்டிருக்கணும். என்கிட்டயும் யாரும் ஒண்ணும் கேக்கல. இதைக் கொண்டு போயிக் குடுங்க. இதுல ஏழு பேரும் கேள்வி கேட்டுக்கிட்டேதான் இருப்பாங்க.”

அதிலிருந்து ஆரம்பித்தது என் புது உத்தியோகம். புளி மூட்டையோடு தர்மபுரிக்குப் போக வேண்டியது, முனாபின் புத்தகத்தை வாங்கி வர வேண்டியது, பரிதாவின் புத்தகத்தைக் கொண்டு போக வேண்டியது, கூடவே இரண்டு பேரின் அபிப்பிராயத்தையும் வாயால் சுமக்க வேண்டியது. “அந்த நாலாவது பையன் மதில் மேல ஏறிட்டுக் குதிக்கப் பயப்படறான் பாருங்க, அவனத்தான் எனக்குப் புடிச்சுதுன்னு சொல்லுங்க மாமு.” சொன்னேன். “எனக்கும் அவந்தான்!” என்று பையன் அன்றைக்குப் பூரா தகரத்தைத் தாளம் போட்டு அடித்தான். ஒருமுறை அவசரத்தில், அவளுக்குப் பிடித்தது கள்ளக்கடத்தல்காரன் என்று மாற்றிச் சொல்லிவிட்டேன். அன்று செய்த பெட்டிக்கு மூடி கோணலாகிவிட்டது, மறுபடி பஸ் ஏறிப் போய்ச் சரி செய்தேன். பதிலுக்கு நான் என் பங்காகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது ‘லெவல் கிராசிங் லலிதா’. இந்த முறை குத்தூசி இல்லை, மச்சான், முதல் எழுத்திலிருந்து லலிதாவுக்கும் ஸ்டேஷன் மாஸ்டருக்கும் மாலை மாற்றுகிற வரைக்கும் ஒன்றுவிடாமல் படித்துவிட்டுத்தான் கொடுத்தேன். கல்யாணம் அவளுக்கேதானா என்று இரண்டு தடவை சரி பார்த்தேன். முனாப் படித்துவிட்டு, “லலிதா ரெண்டு வருஷம் ரயில் கேட்டுக்குப் பக்கத்துல நின்னு காத்துக்கிட்டிருந்ததுக்கு ரயில்வே டைம்டேபிள் ஒண்ணு வாங்கியிருக்கலாமேன்னு கேட்டுச் சொல்லுங்க” என்றான். அதைப் பரிதாவிடம் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பில் ஆபா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். அந்தப் பெண் சிரித்து எத்தனை நாளாயிற்று!

லலிதாவை ராமக்காளுக்கும் கொடுத்தேன். மருமகள் படிக்க, அவள் கேட்டு, மனம் குளிர்ந்து, வருஷத்து மிளகாய் முழுவதையும் நம் மண்டியிலேயே வாங்கிப் போனாள். அவள் சொல்லி ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் லலிதாவைக் காரண்டியோடு வாங்கிப் போனார்கள்.

போன வியாழக்கிழமை பரிதா, “அவங்களை வரச் சொல்லுங்க மாமு, நேர்ல கேக்கறேன்” என்றாள். முனாபின் தாயார் வர மாட்டேன் என்றார். முனாப் சாப்பிடாமல் உட்கார்ந்ததும் வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் பரிதா, இந்தப் பக்கம் நாங்கள். முதல் கேள்வியே, கல்யாணத்துக்குப் பிறகும் நான் கதைப் புத்தகம் படிப்பேன், சரியா என்பதுதான். தாயார் பொங்கிவிட்டார். “படிக்கட்டும், வேணாங்கல. பொழுது சாஞ்சா வெளக்கு வெச்சுக்கிட்டுப் படிக்கறதுக்கு மண்ணெண்ணெய் என்ன கெணத்துலயா ஊறுது?”

“எம் பட்டறை வெளக்கு இருக்குதும்மா” என்றான் முனாப். திரைக்குப் பின்னாலிருந்து, “ஒரு வெளக்கா, ரெண்டு வெளக்கா?” என்று கேட்டாள் பரிதா. பையன் திரையின் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். பிறகு, “ஒண்ணு போதுங்க. ரெண்டு பேரும் ஒரே வெளக்குல படிக்கலாம்” என்றான். மச்சான், என் பலகையில் உள்ள அத்தனை நாவலிலும் இப்படி ஒரு வரி கிடையாது. ஆபா முந்தானையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நானும் மேலே பார்த்தேன், ஓட்டில் ஒரு பல்லி இருந்தது.

இனி நம் வேலை என்று, மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கிற மஹர் பேச நானும் முனாபின் தகப்பனாரும் நகர்ந்து உட்கார்ந்தோம். சந்தையில் மாட்டுக்கு விலை பேசுகிற பழக்கம் இரண்டு பேருக்கும் உண்டு, கை தானாகத் துண்டுக்கு அடியில் போய்விட்டது. நான் ஒரு விரலைப் பிடிக்க, அவர் அதை மடக்க, நான் மறுபடி நீட்ட, நல்ல சுறுசுறுப்பாகப் போய்க்கொண்டிருந்தது.

“மாமு, துண்டை எடுங்க.”

எடுத்தேன்.

“மஹர் எனக்குத்தானே? எனக்கு வர்றதை எனக்குத் தெரியாம எப்படிப் பேசறீங்க?”

தகப்பனாருக்கு ரோஷம் வந்துவிட்டது. “சந்தையில மாடு எந்தக் காலத்துல துண்டை எடுன்னு கேட்டுச்சு?”

“அது மாடு, அத்தா” என்றான் முனாப். முதலில் சிரித்தது யாரென்று நினைக்கிறீர்கள்? அவன் தாயார். சிரித்துவிட்டு, மடியில் கட்டி வைத்திருந்த சீனிப் பொட்டலத்தை எடுத்து ஆபாவின் கையில் வைத்தார். எனக்கு நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த மூட்டை அப்போதுதான் இறங்கியது.

துண்டு இல்லாமல், எல்லோர் காதிலும் விழப் பேசி முடித்தது இது. மஹர் ஐந்து பவுன், நிக்காஹ் சபையிலேயே அவள் கையில். முனாப் தன் கையால் செய்த ட்ரங்குப் பெட்டி ஒன்று, புத்தகத்துக்கு மட்டும், பூட்டும் ஒரே சாவியும் பரிதாவிடம், மாமியார் கேட்டாலும் தர வேண்டியதில்லை. மாதம் இரண்டு நாவல், ஒன்று அவள் சொல்வது, ஒன்று அவன் சொல்வது. விளக்கு ஒன்று. முதலில் படித்து முடித்தவர் மற்றவருக்கு முடிவைச் சொல்லக் கூடாது.

மழை விட்டதும் லீவு சொல்லிவிட்டு நிதானமாகக் கிளம்பி வாருங்கள், பதறி ஓடி வரத் தேவையில்லை. என் தேர்வு ஒன்று தப்பினாலும் அடுத்தது நின்றது, லலிதாதான் நம் குடும்பத்தைக் காப்பாற்றினாள் என்று இங்கே எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள், நான் மறுக்கவில்லை. தோட்டத்தில் நம் ஆட்கள் எல்லோருக்கும் ஸலாம் சொல்லவும். அல்லா உங்கள் காலை அட்டையிடமிருந்தும் மனசைத் தந்தியிடமிருந்தும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்
நூர் பாஷா

பின்குறிப்பு: மேலே நான் என்னைப் பற்றி எழுதியது எதையும் நம்ப வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்குப் பசை எடுக்கப் போனபோது லலிதா மேஜையில் கிடந்தாள். சும்மா பிரித்தேன். மாலை மாற்றுகிற பக்கத்துக்கு அப்புறம், நான் விளம்பரம் என்று விட்டுவிட்ட பக்கத்தில், பொடி எழுத்தில் போட்டிருக்கிறது: முதல் பாகம் முற்றும். இரண்டாம் பாகத்தில் லலிதா புகுந்த வீட்டை விட்டு வெளியேறுகிறாள் என்று கீழே ஒரு வரி. செருப்பைக்கூடப் போடாமல் ஆபா வீட்டுக்கு ஓடினேன். பரிதா சாவகாசமாக வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டு, “தெரியும் மாமு, ரெண்டாம் பாகம் எங்கிட்டதான் இருக்கு” என்கிறாள். ஊசி நூல் வைக்க என்று சொல்லி முனாப் ஒரு தகர டப்பாவைக் கொடுத்தனுப்பினானே, உங்களுக்கு எழுத மறந்தேன், பஸ்ஸில் அதை நான் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன், அதற்குள்ளே இருந்திருக்கிறது. லலிதாவின் புத்தகத்தை மாமியார்க்காரி அடுப்பு மூட்ட எடுத்துவிட்டாளாம், அதனால்தான் வெளியேறினாளாம். புத்தகப் பெட்டிக்குச் சாவி கேட்டது அங்கிருந்து வந்ததுதான். “உங்க லலிதாவால சம்மதிக்கல மாமு. நல்ல பாகத்தோட அவரு சும்மா இருந்திருக்கலாம். கெட்ட பாகத்தையும் தேடி வாங்கி, கல்யாணத்துக்கு முன்னாடியே அனுப்புனாரு. அதான்” என்றாள். கடைசியில் லலிதா திரும்பி வருகிறாளா என்று கேட்டேன். அதைச் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம் இருக்கிறதாம். இந்தத் தாலுகாவிலேயே ஒரே பிரதி அவளிடம் இருக்கிறது, வெளியே ராமக்காளும் பாதி ஊரும் என் காரண்டியை நம்பிக்கொண்டிருக்கிறார்கள், விஷயம் தெரிந்தால் இரண்டாம் பாகத்துக்கு வரிசையில் நிற்பார்கள். அதை வாடகைக்கு விடலாம், அரைக்கு அரை என்று கேட்டுப் பார்த்தேன். பேசி முடிந்தது: வாடகையில் முக்கால் பங்கு பரிதாவுக்கு, கால் பங்கு எனக்கு, அட்டை கிழிந்தால் ஒட்டுவது என் செலவு, நான் படிப்பதானாலும் முழு வாடகை, மாமு என்று தள்ளுபடி கிடையாது.